புதன்கிழமைக்கு முன்னா, பின்னா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் அறிஞர் பெருமக்கள் சிலம்பைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் சுவைபடப் பேசிச் சென்றிருக்கின்றனர். அவர்கள் நின்ற இடத்தில் நின்று பேசும் புலமை எனக்கு இல்லை. கணக்குப் பிரிவில் பேரேடுகளோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த எழுத்தர் நான். ஆதலால் செயலாளர் அவர்கள் என்னைப் பேச அழைத்தபோது, "இலக்கியம் என்னால் ஆகாது, ஐயா" என்று மறுத்தேன். அதற்கு அவர், "இலக்கியம் வேண்டா, நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி உங்கள் அனுபவத்திலிருந்து ஏதேனும் சொல்லுங்கள்" என்றார். அனுபவம் என்றதும் எனக்கு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. அது நான் பெருமையோடு சொல்லக்கூடியது அன்று. எனினும் பயன்படக்கூடியது என்னும் நம்பிக்கையால் உங்கள்முன் வைக்கின்றேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. 'மூவ்டு ஃபார்வர்டு' என்னும் ஆங்கிலத் தொடரே அது. ஒரு கூட்டமோ தேர்வோ நேர்காணலோ குறித்த நாளிலிருந்து மாற்றப்படும்போது, அது இத்தனை நாள் 'மூவ்டு ஃபார்வர்டு' என்று அறிவிப்பு வருகிறது. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நாள்தோறும் புழங்கும் தொடர்தான். இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்திற்கு விலை கொடுத்தவள் ஓர் இளம்பெண்.

நம்முடையதைப் போன்ற குடியிருப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் தையற்பொறி இருக்கும்; மற்றொரு வீட்டில் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்பவர் இருப்பார்; இன்னொரு வீட்டில் ஆங்கிலக் கடிதம் படித்துப் பொருள் சொல்பவர் இருப்பார். சொந்த ஊரையும் உற்றாரையும் விட்டு வந்த நமக்கு ஒருவருக்கொருவர் தாமே உறவு. எங்கள் வரிசை வீடுகளில் ஆங்கிலக் கடிதம் படிக்கும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது. வங்கிப் படிவம், காப்பீட்டுக் கடிதம், பள்ளி அறிவிப்பு எதுவாயினும் என் வீட்டுத் திண்ணைக்கு வரும். மாலை வேளைகளில் நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அமர்ந்தால் எனக்கே ஒரு பெருமிதம் உண்டாகும்.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாலை, பட்டறையில் பணியாற்றிய அன்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அவள் இந்தி வழியில் படித்தவள், மதிப்பெண்களில் முதன்மையானவள், வேறோர் ஊரில் உள்ள கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். அடுத்த வாரம் புதன்கிழமை நேர்காணல் என்று முன்பே தெரிவித்திருந்தார்கள். இப்போது மீண்டும் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதைத் தாளில் அச்செடுத்து வந்திருந்தார்கள். மூன்றே வரிகள். புதன்கிழமைக்குக் குறித்திருந்த நேர்காணல் 'மூவ்டு ஃபார்வர்டு பை டூ டேஸ்' என்றிருந்தது. தேதியும் கிழமையும் குறிக்கப்படவில்லை.

நான் ஒரு கணமும் தயங்கவில்லை. "நேர்காணலை வெள்ளிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறார்கள், சார். நல்லதாகப் போயிற்று, ஆயத்தம் செய்துகொள்ள இன்னும் இரண்டு நாள் கிடைத்தது" என்றேன். அந்தப் பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, "மாமா, ஒருவேளை திங்கட்கிழமையாக இருக்குமோ?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். "ஃபார்வர்டு என்றால் முன்னோக்கி, அம்மா. புதனிலிருந்து இரண்டு நாள் முன்னோக்கிச் சென்றால் வியாழன், வெள்ளி. திங்கள் எப்படி வரும்?" என்றேன். அவள் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. பெரியவர் சொல்லும்போது மறுத்துப் பேசாமல் இருக்கும்படி வளர்க்கப்பட்டவள்.

தந்தையும் மகளும் வியாழன் இரவு வண்டியேறி வெள்ளி காலை அந்தக் கல்லூரியை அடைந்தனர். நேர்காணல் திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் பட்டியலும் ஒட்டியாகிவிட்டது. அலுவலகத்தில் இருந்தவர் அதே மின்னஞ்சலை எடுத்துக்காட்டி, "தெளிவாகத்தானே எழுதியிருக்கிறோம்" என்றாராம். அவர்கள் திரும்பி வந்த செய்தியை நான் கேட்டபோது என் தலை நிமிரவில்லை. அந்த அன்பர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. "நம் விதி, சார்" என்றார். அவர் கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பெண் ஓராண்டு வீட்டில் இருந்து, மறு ஆண்டு வேறு கல்லூரியில் வேறு படிப்பில் சேர்ந்தாள். இன்று மற்றொரு நகரில் நல்ல பணியில் இருக்கிறாள். அவளுடைய இசைவைப் பெற்ற பின்னரே இதனை இங்கே சொல்கிறேன்.

என் பிழை எங்கிருந்து வந்தது என்று நான் பன்முறை எண்ணிப் பார்த்தேன். விடை என் பேரேட்டிலேயே இருந்தது. கணக்கு எழுதுவோர் ஒரு பக்கம் நிறைந்தவுடன் கூட்டுத்தொகையை அடியில் எழுதி, 'கேரீடு ஃபார்வர்டு' என்று குறிப்பார்கள். அத்தொகை அடுத்த பக்கத்திற்குச் செல்லும். அடுத்த பக்கத்தின் தலைப்பில் 'பிராட் ஃபார்வர்டு' என்று எழுதித் தொடர்வார்கள். முப்பது ஆண்டுகளாக என் கையில் 'ஃபார்வர்டு' என்னும் சொல் அடுத்த பக்கத்தையே காட்டி வந்திருக்கிறது. இன்றைய ஏட்டிலிருந்து நாளைய ஏட்டிற்கு, இவ்வாண்டிலிருந்து வரும் ஆண்டிற்கு என்று எப்போதும் அதே திசை. அந்தப் பழக்கத்தில் புதன்கிழமையையும் ஒரு தொகையாக எண்ணி வெள்ளிக்கிழமைக்குக் கொண்டு சென்றுவிட்டேன்.

கடிகாரமும் என் பக்கமே சாட்சி சொல்கிறது. இங்கிலாந்தில் கோடைக்காலத்தில் பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் பொருட்டுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றி வைப்பார்கள். 1916இல் தொடங்கிய இவ்வழக்கம் இன்றும் உண்டு. மார்ச்சுத் திங்களின் கடைசி ஞாயிறன்று இரவு ஒரு மணி ஆனதும் முள்ளை இரண்டு மணிக்குத் திருப்புவார்கள். இதற்கு அவர்கள் சொல்லும் பெயர், கடிகாரத்தை 'ஃபார்வர்டு' வைத்தல். இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை நம் நாட்டிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் இவ்வாறு மாற்றி வைத்திருந்தனர். ஆக, கடிகாரம் 'ஃபார்வர்டு' போனால் பிந்திய மணியைக் காட்டும். கூட்டம் 'ஃபார்வர்டு' போனால் முந்திய நாளில் நடக்கும். ஒரே மொழி, ஒரே சொல், திசைகள் இரண்டு! 'லுக்கிங் ஃபார்வர்டு' என்று கடிதத்தின் முடிவில் எழுதுகிறோமே, அதுவும் இனி வரப்போவதையே நோக்குகிறது. நாளையும் கூட்டத்தையும் மாற்றும் இடத்தில் மட்டும் அச்சொல் திரும்பி நிற்கிறது.

ஆயினும், வழக்கு என்று ஒன்று உண்டல்லவா? அதை மறைத்தல் தகாது. ஒரு நிகழ்ச்சியை 'பிரிங் ஃபார்வர்டு' செய்தல் என்றால், குறித்த நாளுக்கு முன்னதாக வைத்தல் என்றே ஆங்கில அகராதிகள் பொருள் கூறுகின்றன. 'புட் பேக்', 'புஷ் பேக்' என்றால் தள்ளி வைத்தல். அந்தக் கல்லூரிக்காரர் எழுதியது அவ்வழக்கை ஒட்டியது. பொருள் சொன்ன நானே தவறினேன்.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு செய்தி என் கண்ணில் பட்டது. அதைப் படித்தபோது எனக்கு வியப்பும் சிறிது ஆறுதலும் உண்டாயின. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இத்தொடரில் தடுமாறுகிறார்களாம்! லேரா போரோடிட்ஸ்கி, மைக்கேல் ராம்ஸ்கர் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் மக்களிடம் கேட்ட வினா, எனக்கு வந்த அதே வினா. அடுத்த புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் 'மூவ்டு ஃபார்வர்டு'. இப்போது கூட்டம் என்று? சிலர் திங்கள் என்றனர். சிலர் வெள்ளி என்றனர். இரு சாராரும் தத்தம் விடையில் உறுதியாக இருக்கக்கூடியவர்களே.

இவ்வேறுபாடு எதனால் என்று அவர்கள் ஆராய்ந்தனர். காலத்தைப் பற்றி மனிதர் இரு வகையாக எண்ணுகின்றனர். ஒன்று, காலம் என்பது ஒரு நெடுஞ்சாலை. அதில் நாம் நடந்து செல்கிறோம். திங்கள், செவ்வாய், புதன் என்னும் மைல்கற்களைக் கடந்து வெள்ளியை நோக்கிப் போகிறோம். இவ்வாறு எண்ணுவோருக்கு 'ஃபார்வர்டு' என்பது நாம் செல்லும் திசை. எனவே கூட்டம் வெள்ளிக்கிழமைக்குப் போகும். மற்றொன்று, நாம் நடைமேடையில் நிற்கிறோம். நாள்கள் வண்டியின் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நம்மை நோக்கி வருகின்றன. இவ்வாறு எண்ணுவோருக்கு 'ஃபார்வர்டு' என்பது வண்டி வரும் திசை. எனவே கூட்டம் நம்மை நெருங்கித் திங்கட்கிழமைக்கு வரும்.

இவ்வெண்ணம் நாம் அப்போது இருக்கும் நிலையைப் பொறுத்தும் மாறுகிறது என்பதே அவ்வாய்வின் சுவையான பகுதி. சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் அமர்ந்து தாமே உருண்டு செல்வதாகக் கற்பனை செய்தவர்கள் பெரும்பாலும் வெள்ளி என்றனர். அதே நாற்காலியைக் கயிறு கட்டித் தம்மை நோக்கி இழுப்பதாகக் கற்பனை செய்தவர்கள் பெரும்பாலும் திங்கள் என்றனர். உணவகத்தின் வரிசையில் நெடுந்தூரம் நகர்ந்து வந்துவிட்டவர்கள் வெள்ளி என்று சொல்லும் போக்கு மிகுதி. விமான நிலையத்தில், பறந்து வந்து இறங்கியவர்கள் அப்படிச் சொல்வது மிகுதி. யாரையோ எதிர்கொண்டு அழைக்கக் காத்திருந்தவர்கள் அப்படிச் சொல்வது குறைவு. தொடர்வண்டியில் போவோருள்ளும், பயணத்தைத் தொடங்கும் வேளையிலும் முடிக்கும் வேளையிலும் இருந்தவர்கள் வெள்ளி என்பதையே மிகுதியும் கூறினராம்.

அன்பர்களே, இதைப் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணை நினைவுக்கு வந்தது. நான் நாள் முழுதும் கணக்கைப் பக்கம் பக்கமாகத் தள்ளிச் சென்றவன். அவளோ தன்னை நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு நாளை எதிர்நோக்கி நின்றவள். அவள் கண்ணுக்குத் திங்கள் தோன்றியதில் வியப்பில்லை.

இனி, நம் தமிழுக்கு வருவோம். ஆங்கிலம் குழப்புகிறது என்று குறை கூறும் நாம், நம் சொற்களை ஒரு முறை உற்று நோக்குதல் நன்று. 'முன்' என்னும் சொல் எத்திசையைக் காட்டுகிறது? 'மூன்று நாளைக்கு முன்' என்றால் கழிந்த காலம். 'முன்னோர்' என்றால் வாழ்ந்து மறைந்தவர்கள். ஆனால் 'நம்முன் உள்ள பணிகள்' என்றால் இனிச் செய்ய வேண்டியவை. 'முன்னேற்றம்' என்றால் இனி அடையப்போவது. 'பின்' என்பதும் அவ்வாறே. 'பின்னாளில் வருந்துவாய்' என்றால் வரும் காலம். 'வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்த்தேன்' என்றால் கழிந்த காலம். முன்னோர் நமக்குப் பின்னால் இருக்கிறார்களா, முன்னால் இருக்கிறார்களா? இரண்டும் உண்மைதான். அவர்கள் நமக்கு முன்னே நடந்து போனவர்கள். நாம் அவர்கள் பின்னே வருகிறவர்கள்.

தென்னமெரிக்காவின் ஆண்டிசு மலைப்பகுதியில் வாழும் ஐமாரா மக்களைப் பற்றி ரபாயேல் நூன்யெசு, ஈவ் சுவீட்சர் என்னும் அறிஞர்கள் 2006இல் எழுதினர். அம்மக்களின் மொழியில் கண்ணையும் முன்பக்கத்தையும் குறிக்கும் சொல்லே கடந்த காலத்திற்கும் பெயர். முதுகுப்புறத்தைக் குறிக்கும் சொல்லே வருங்காலத்திற்குப் பெயர். நடந்தவற்றைக் கண்டிருக்கிறோம், ஆகவே அவை கண்முன் இருக்கின்றன. நடக்கப்போவதைக் கண்டிலோம், ஆகவே அது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்பது அவர்கள் கண்ட பொருத்தம். சீன மொழியிலோ, கடந்த மாதத்தை 'மேல் மாதம்' என்றும் வரும் மாதத்தைக் 'கீழ் மாதம்' என்றும் சொல்கிறார்கள். காலத்திற்குத் திசை இல்லை. மனிதன் தன் உடம்பின் முன்னையும் பின்னையும், மேலையும் கீழையும் அதற்குக் கடன் கொடுத்திருக்கிறான். எந்த மக்கள் எத்திசையைக் கொடுத்தார்கள் என்று அறியாதவரை அயல்மொழி நம்மைத் தடுமாறச் செய்யும்.

நாம் வந்து குடியேறிய இந்நகரின் மொழியைப் பாருங்கள். நேற்று என்பதற்கும் நாளை என்பதற்கும் இந்தியில் 'கல்' என்னும் ஒரே சொல். முந்தாநாளுக்கும் நாளை மறுநாளுக்கும் 'பர்சோன்' என்னும் ஒரே சொல். ஊரிலிருந்து புதிதாக வந்த நம் தாய்மார்களுக்குப் பால்காரர் 'கல்' என்றபோது எவ்வளவு திகைப்பு உண்டாயிற்று! ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த நம் குழந்தைகள் ஒரு நாளும் திகைத்ததில்லை. ஏன்? வாக்கியத்தின் இறுதியில் வரும் வினைச்சொல் நடந்ததா, நடக்கப்போவதா என்பதைச் சொல்லிவிடுகிறது. 'மூவ்டு ஃபார்வர்டு' என்னும் தொடருக்கு அத்தகைய துணை இல்லை. மாற்றியாகிவிட்டது என்பதை மட்டும் அது சொல்கிறது. எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும் பொறுப்பை அந்த ஒற்றைச் சொல்லின் தலையில் ஏற்றிவிடுகிறது.

தமிழில் இதே செய்தியை எப்படிச் சொல்கிறோம்? நிகழ்ச்சி தாமதப்பட்டால் 'தள்ளி வைத்தார்கள்' என்கிறோம். ஏட்டு வழக்கில் 'ஒத்திவைத்தார்கள்' என்கிறோம். தள்ளுதல் என்பது தன்னிடமிருந்து அப்பால் போக்குதல். நம் எதிரே இருக்கும் நாளை இன்னும் எட்டத்தில் வைத்தல். எனவே அதில் ஐயத்திற்கு இடமில்லை. விரைவில் நடத்தினால் 'முன்னதாக', 'முன்கூட்டியே' என்கிறோம். அவற்றிலும் ஐயமில்லை. அப்படியானால் நான் ஏன் தவறினேன்? 'ஃபார்வர்டு' என்பதை 'முன்னோக்கி' என்று மனத்துள் பெயர்த்தேன். 'முன்னதாக' என்று பெயர்த்திருக்க வேண்டும். தமிழ் இரண்டையும் என் கையில் வைத்திருந்தது. நான் தவறானதை எடுத்தேன்.

அந்தப் பெண்ணை நீண்ட நாள் கழித்து ஒரு முறை கேட்டேன்: "திங்கள் என்று உனக்கு எப்படித் தோன்றிற்று, அம்மா?" அவள் சொன்னாள்: "எங்கள் அம்மா, 'பொங்கல் விருந்தை இரண்டு நாள் முன்னாடி வைத்துக்கொள்ளலாம்' என்பார், மாமா. முன்னாடி என்றால் சீக்கிரம்தானே? அதை நினைத்துத்தான் கேட்டேன்." ஆங்கிலம் அறியாத அவள் தாயின் சமையலறைத் தமிழ் சரியான விடையைத் தந்திருக்கிறது. முப்பதாண்டு ஆங்கிலக் கோப்புகளைப் புரட்டிய நான் அதைச் சிரித்துத் தள்ளியிருக்கிறேன்.

நம் இலக்கணமும் அவள் பக்கமே என்று எனக்குப் பின்னர்த் தோன்றியது. தொல்காப்பியர் காலம் மூன்று என்று வகுத்தார். அவற்றை நாம் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று பள்ளியில் படித்தோம். இறத்தல் என்றால் கடத்தல். நம்மைக் கடந்து போனது இறந்தகாலம். எதிர்தல் என்றால் எதிரே வருதல். நம்மை நோக்கி எதிர்முகமாக வருவது எதிர்காலம். நடைமேடையில் நிற்பவன் கண்ட காட்சி இது! எதிரே வரும் ஒன்று தான் வரும் திசையில் இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்தால் நம்மை நெருங்கும். நேர்காணல் திங்கட்கிழமைக்கு வந்துவிடும். எதிர்காலம் என்னும் சொல்லை நின்று எண்ணியிருந்தால் எனக்கு வழி தெரிந்திருக்கும்.

இவ்விடத்தில் நம் நாட்டு ஆங்கிலத்தில் பெரிதும் வழங்கும் ஒரு சொல்லையும் குறிப்பிட வேண்டும். 'பிரீபோன்' என்பது அச்சொல். 'போஸ்ட்போன்' என்பது பின்னர் வைத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது. அதற்கு இணையாக முன்னதாக வைத்தலுக்கு ஒரு சொல் வேண்டாமா? இந்திய அலுவலகங்கள் 'பிரீபோன்' என்று வழங்கின. ஆங்கிலேயருக்குப் பழக்கமில்லாத சொல் என்று சிலர் இதை எள்ளி நகையாடுவர். நானும் ஒரு காலத்தில் இளநிலை எழுத்தர்களின் வரைவுகளில் இச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்தவன்தான். இன்று அது பெயர்பெற்ற ஆங்கில அகராதிகளிலேயே இந்திய வழக்கு என்னும் குறிப்போடு இடம்பெற்றிருக்கிறது. அழகு இருக்கிறதோ இல்லையோ, தெளிவு இருக்கிறது. அன்று அந்த மின்னஞ்சலில் 'பிரீபோன்டு' என்றிருந்தால் ஒரு பெண்ணுக்கு ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

இளைஞர்களே, இப்பேச்சின் பயனாக நீங்கள் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நிகழ்ச்சியின் நாள் மாறியதாகச் செய்தி வந்தால், "எந்தத் தேதி, என்ன கிழமை?" என்று உடனே கேட்டு எழுத்தில் விடை பெறுங்கள். அப்படிக் கேட்பது அறியாமை ஆகாது; ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தடுமாறும் இடத்தில் நாம் கேட்பதில் என்ன இழிவு? நீங்கள் பிறருக்கு எழுதும்போது கிழமையையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். 5/6 என்று எண்ணால் எழுதினால் நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்று மட்டும் எழுதினால், இவ்வார வெள்ளியா, அடுத்த வார வெள்ளியா என்று படிப்பவர் கைவிரல் எண்ண நேரும். நம் சங்கத்தின் சுற்றறிக்கைகளிலும் இம்முறையைக் கடைப்பிடிக்கும்படி செயலாளர் அவர்களை இம்மேடையிலேயே வேண்டிக்கொள்கிறேன்.

பெரியோர்களுக்கும் ஒரு சொல். அன்று நான் தவறியது ஆங்கிலத்தில் மட்டும் அன்று. அந்தப் பெண் ஐயத்தைக் கிளப்பியபோது, கல்லூரிக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். தாளின் அடியில் எண் அச்சிட்டிருந்தது. நான் ஏன் அழைக்கவில்லை? அழைத்தால், எனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலம் அறிந்தவர் என்று வரிசை முழுதும் எனக்கிருந்த பெயர் ஒரு படி இறங்கிவிடும். இதற்கு அஞ்சினேன். நம்மிடம் நம்பிக்கொண்டு வருபவர்களுக்கு நாம் செய்யும் முதல் உதவி, நமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. ஒரு சிறுமி குறுக்கே கேட்டால் சிரிக்காமல் காது கொடுப்பதும் அதனுள் அடங்கும்.

மறு ஆண்டு அந்த அன்பர் மீண்டும் என் திண்ணைக்கு வந்தார். கையில் வேறொரு கல்லூரியின் கடிதம். அவர் என்னிடம் வரமாட்டார் என்றே நினைத்திருந்தேன். அவர் வந்ததைக் கண்டதும் என் கண்கள் கலங்கின. கடிதத்தில் தேதியும் கிழமையும் தெளிவாகவே இருந்தன. எனினும் நான், "இருங்கள், சார். ஒரு முறை அவர்களிடமே கேட்டுவிடுவோம்" என்று தொலைபேசியை எடுத்தேன். அந்தப் பெண் பக்கத்தில் நின்று, கேட்ட தேதியைக் கடிதத்தின் ஓரத்தில் தன் கையால் எழுதிக்கொண்டாள். அன்று முதல் இன்றுவரை என்னிடம் எக்கடிதம் வந்தாலும் அவ்வாறே செய்து வருகிறேன்.